வளையப்பந்து ஜோடி

பத்மாவதி சர்க்கரை மாத்திரையை நிறுத்தியது கணவர் பேச்சைக் கேட்டுத்தான். சுந்தரராஜுலு பொல்லாதவர் இல்லை. பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றியவர். ஓய்வு பெற்றபின் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் மனைவியின் உடம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் வெந்தயத் தண்ணீர், பத்து மணிக்குப் பாகற்காய்ச் சாறு, சாயங்காலம் ஆவாரம்பூ டீ. அதுவரைக்கும் பாதகமில்லை. நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரையை வேரோடு பிடுங்கிவிடுவதாகச் சொன்ன ஒருவரைச் செல்போனில் பார்த்துவிட்டு, அவரிடம் போய் ஒரு டப்பா பொடியும் வாங்கிவந்தார். மாத்திரையைத் தொடவே கூடாது என்பது அந்த ஆளின் நிபந்தனை.

இருபத்து மூன்றாம் நாள், செருப்புக் கடித்த கால் பெருவிரல் புண் சீழ் பிடித்து, தலை சுற்றி, பத்மாவதி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்றுப் பத்து என்றார்கள். ஒரு வாரம் படுக்கை. விரல் தப்பியது.

வார்டுக்கு வந்த டாக்டர் லாஸ்யாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. திட்டவில்லை. தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். காலையில் ஆறு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, நடுவில் மூன்று டீயும் வர்க்கி பிஸ்கட்டும் என்று பத்மாவதி ஒளிக்காமல் சொன்னாள். நடப்பதுண்டா என்று கேட்டதற்கு, தெருமுனைக் கடைவரை என்றாள்.

"பாகற்காய் சாப்பிடுங்க, யோகா பண்ணுங்க, எண்ணெய் தேச்சுக் குளிங்க. நான் ஒண்ணும் வேண்டாங்கலைங்கம்மா. அதெல்லாம் மாத்திரையோட சேர்ந்து வேலை செய்யட்டும். மாத்திரைக்குப் பதிலா வேண்டாம்" என்றார்.

பக்கத்தில் நின்ற சுந்தரராஜுலு தரையைப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும் பொடி டப்பாவை அவரே குப்பையில் போட்டார்.

புண் ஆறியதும், மூச்சுப் பயிற்சியும் ஆசனமும் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரியின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஓரத்தில் கருப்பு பர்தா போட்ட அம்மாள் ஒருத்தி, சுவரில் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். தோள் இறுகிப்போனவர்களுக்கு உண்டான பயிற்சி அது. மார்பு உயரம் வந்ததும் கை நின்றுவிடும். இறக்குவாள், விரல் நுனியை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொள்வாள், மறுபடி ஏற்றுவாள்.

அந்த ஊதலைப் பார்த்ததும் பத்மாவதி கிட்டே போனாள். வளையத்தை வீசும்முன் ஒவ்வொரு தடவையும் அப்படி ஊதிக்கொள்கிற இடக்கைக்காரி ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, நீங்க சாஜிதாக்காதானுங்களே?"

திரும்பிய முகம் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு, "ரீலிங் பத்மாவா? என்ன கண்ணு, இப்படி ஊதிப்போயிட்டே" என்றாள் சாஜிதா பேகம். வலித்த கையையே நீட்டி இவள் கன்னத்தைத் தொடப் பார்த்து, எட்டாமல் முகத்தைச் சுளித்தாள்.

சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் இருவரும் ரீலிங் பிரிவில் நூல் சுற்றியவர்கள். மில்லின் வளையப்பந்து ஜோடியும் அவர்கள்தான். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, சங்கு ஊதியதும் பின்பக்கத்து மைதானத்துக்கு ஓடுவார்கள். விளையாடுகிறவர்களுக்கு கேன்டீனில் தினம் ரெண்டு அவித்த முட்டையும் ஒரு கை வேர்க்கடலையும் உண்டு. முட்டைக்காகவே சேர்ந்ததாகச் சாஜிதா சொல்வாள். ரப்பர் வளையம் வலைக்கு மேலே சுழன்று வரும்போது, வெளிச்சம் மங்கியிருந்தாலும், அதன் ஓசையை வைத்தே பிடிப்பார்கள். எண்பத்தொன்பதில் மில்களுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்து, பரிசாக வந்த ரெண்டு எவர்சில்வர் தூக்குப்போசியோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். அன்றைக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. பிறகு மில்லை மூடினார்கள். ஆளுக்கொரு திசையாகப் போய், இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

தினமும் சேர்ந்து நடப்பதென்று பேசிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பத்மாவதி விடிந்ததும் பஸ் ஏறி உக்கடம் போனாள். அங்கே பெரியகுளத்துக் கரை நடைபாதைக்குச் சாஜிதா பக்கத்துக் கரும்புக்கடைப் பகுதியிலிருந்து மகள் ஹிபாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். முதல் வாரம் இருநூறு அடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் மில் கதை. சாஜிதா தோளுக்கு உப்பு ஒத்தடமும் நல்லெண்ணெயும் போட்டுக்கொண்டு சுவர்ப் பயிற்சியையும் விடாமல் செய்தாள். பத்மாவதி இட்லியை மூன்றாக்கி, முட்டையும் கொள்ளும் கீரையும் சேர்த்தாள். அரிசிம்பருப்புச் சாதத்தை மட்டும் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு கரண்டி வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் ஒரு ரப்பர் வளையம் வாங்கிப்போனாள். சாஜிதா விரலை ஊதிக்கொண்டு வீசினாள். வளையம் நாலடி தள்ளி விழுந்து, உருண்டு, கம்பிக்கு அப்பால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வாரம் வேறு வாங்கினார்கள்.

ஆறு மாதத்தில், பதினொன்று சதவீதத்தைத் தொட்ட மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏழரைக்கு வந்தது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். மற்றதைத் தொடரச் சொன்னார். சாஜிதாவுக்குக் கை தலைக்குமேல் முழுசாகப் போகவில்லை. ஆனால் தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். அதை அவள் சொன்னபோது பத்மாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள் பழைய மில்லைப் பார்க்கப் போனார்கள். அங்கே பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு நின்றது. எந்த வீடு என்று காவலாளி கேட்டார். வீடு இல்லைங்க, விளையாண்ட இடம் என்று சாஜிதா சொல்ல, அவர் குழம்பிப்போய் உள்ளே விட்டார்.

மைதானம் எது என்பதில்தான் தகராறு. டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடம் என்றாள் சாஜிதா. கார் நிறுத்துமிடம் என்றாள் பத்மாவதி. கேட்டிலிருந்து காலடி வைத்து அளந்து பார்த்தார்கள். கேட்டே இடம் மாறியிருந்தது.

"பழகறப்ப கிழக்க பார்த்துத்தான அக்கா நீங்க நிப்பீங்க? சாயங்கால வெயில் எதுர்ல நிக்கற என்ற மூஞ்சியிலதான அடிக்கும்?"

"அதான். தெரிஞ்சுதான் உன்னைய அங்க நிக்க வெச்சேன்" என்றாள் சாஜிதா.

முப்பத்தைந்து வருடம் கழித்து வந்த ஒப்புதல். பத்மாவதி அக்காவின் முதுகில் ஒரு அடி வைத்தாள், இடது தோளில் படாமல்.