அண்ணன் தட்டிச் சொன்னது

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வரும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணன் குழாய் வேலை செய்துகொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் இந்த நினைவு மலர் வந்து சேரும். நான் அவருடைய தங்கை. பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் அண்ணன் கடைசியாகச் சொல்ல நினைத்த ஒன்றை உங்களிடம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமத்தில். அப்பா வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தார். கிணறு வற்றியபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. திண்டுக்கல்லுக்கு வந்து, போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலையில் சேர்ந்தார். இரும்புக் குழாயைச் சுமந்து சுமந்து அவருடைய இடது தோள் கடைசி வரை சற்று இறங்கியே இருந்தது. பிறகு வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு முப்பது வருடம் அதையே செய்தார்.

என் கணவர் காலமான பிறகு எனக்குத் தங்க இடம் கொடுத்தவர்கள் அண்ணனும் அண்ணியும்தான். "மாடில ஒரு ரூம்பு சும்மாதான கெடக்கு, வந்து இரு" என்றார் அண்ணன். அது சும்மா கிடக்கவில்லை. அவருடைய குழாய்களும் சாமான்களும் அங்கேதான் இருந்தன. நான் போன அன்று எல்லாம் மொட்டை மாடியில் வெயிலில் கிடந்தன.

வேலையில் அண்ணனுக்கு அவசரமே கிடையாது. பசை தடவிக் குழாயை இணைத்துவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் திறக்க விட மாட்டார். பால் காய்ச்சும் நாளைக் குறித்து வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள்.

"ஏம்ப்பா, பசை காயிறதுக்கும் நாள் நட்சத்திரம் பாக்கணுமா?"

"அதெல்லாம் வேணாங்க. ஆனா இன்னைக்கே தொறந்தீங்கன்னா அடுத்த மாசம் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும்."

குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களிடம், "அது ஒட்டன்சத்திரம் பஸ்ஸு கம்பி இல்லீங்க" என்பார். பிளாஸ்டிக் குழாயைக் கையால் இறுக்க முடிந்த வரை இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்றுதான் திருப்ப வேண்டும், பலத்தைக் காட்டினால் கழுத்தில் விரிசல் விடும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வருவார். சாப்பிட உட்காரும்போதுதான் அவருக்குப் போன் வரும். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். அப்படி அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை வண்டியில் சாமான் பையை மாட்டும்போது அண்ணன் அப்படியே சாய்ந்துவிட்டார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது புரியும். இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தோம். கோடு கோடாகத்தான் வந்தது.

போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அண்ணி போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு பேசப் பழகினேன். ஒரு தடவை அழுத்தினால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை.

ஒரு வீட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை. "காத்து அடைச்சிருக்காண்ணே?" ஒரு அழுத்து. "கீழ்க் குழாய முழுசாத் தெறந்து விடச் சொல்லவா?" ஒரு அழுத்து. இன்னொரு வீட்டில் வால்வு திரும்பவில்லை. அதற்கு அண்ணன் எப்போதும் சொல்வது எனக்கே மனப்பாடம். நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு. மாதம் ஒரு தடவை வால்வைத் திருப்பி விடாவிட்டால் கல்லாகிவிடும். இறுகிப்போனதை ஒரேயடியாகத் திருகக் கூடாது. கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி, பொறுமையாக விடுவிக்க வேண்டும்.

"தண்ணி வந்துருச்சு, அண்ணன்கிட்டச் சொல்லிருங்க" என்பார்கள். சொல்வேன். அண்ணனின் வாய் இடது பக்கம் மட்டும் சிரிக்கும்.

அப்போதுதான் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் வீட்டுக்கு முழுக் குழாய் வேலையும் அண்ணன் செய்தது. மாடி பாத்ரூம் சுவருக்குள் எங்கோ கசிந்து, கீழே ஹாலில் சொட்டியது. ஒரு வாரத்தில் அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"எந்த எடத்துல ஜாயிண்டு வச்சாருன்னு செத்தக் கேட்டுச் சொல்லுத்தா. வேற ஆளக் கூட்டியாந்தா செவரு பூரா ஒடைக்கணுங்கறான்."

"ஜன்னல் பக்கமாண்ணே?" இல்லை. "வாசல் பக்கமா?" இல்லை. "ஷவருக்குக் கீழயா?" இல்லை. கேள்வியை நான்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரியாததை நான் எப்படிக் கேட்பேன்? அண்ணன் என் கையை உதறிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார். கொஞ்சம் தள்ளித் தட்டினார். இன்னும் தள்ளித் தட்டினார். அண்ணி ஓடி வந்து, "தண்ணி வேணுமாங்க?" என்று டம்ளரை நீட்டினார். அண்ணன் உதட்டை மூடிக்கொண்டார். தண்ணீர் தாடையில் வழிந்தது.

போனில் அந்த அம்மா காத்திருந்தார்கள். "என்னத்தா, என்ன சொல்றாரு?"

அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. "ஹீட்டர் பக்கத்துலன்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

மறுநாள் போனில் அவர்கள் குரல் உயர்ந்திருந்தது. "ஒங்கண்ணன் சொன்னாருன்னுதான ஒடைச்சேன்! வெறுஞ்செங்கலு. ஒரு சொட்டு ஈரம் இல்ல." உடைத்தது போதும் என்று, மாடி பாத்ரூமுக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவைத்து நிச்சயத்தை முடித்தார்கள். மாடிக்கு மாடி தனி வால்வு வைப்பதும் அண்ணனின் வழக்கம்தான். கைப்பேசியில் அந்தச் சுவரைப் படம் எடுத்து ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அண்ணனுக்கு அந்தச் சிறிய படத்தில் கண் நிலைக்கவில்லை.

அதன்பிறகு தினமும் சுவரில் கையை விரித்து வைப்பதும் தட்டுவதுமாக இருந்தார். சுவரின் குளிர்ச்சி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அண்ணியும் நானும் பேசி, கட்டிலை நடு அறைக்குத் தள்ளிப் போட்டோம். சுவர் அவருக்கு எட்டாமல் போனது. அப்புறம் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தட்டும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்தோம். "குடிக்கவும் மாட்டேங்கறாரு, தட்டவும் தட்டுறாரு. நான் என்னதான் செய்வேன்?" என்று அண்ணி என்னிடம் அழுவார். ஒரு நாள் அண்ணனும் அழுதார். நான் முகத்தைத் துடைத்துவிட்டேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசி மூன்று நாள் தட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்தது.

முப்பதாம் நாள் கும்பிட்ட மறுநாள் வீட்டைக் கழுவினோம். பாத்ரூம் சுவரை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷின் கட்டை டைல்ஸில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு டைல்ஸில் மட்டும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம். விரல் முட்டியால் தட்டினேன். பக்கத்து டைல்ஸைத் தட்டினேன். திரும்ப இதைத் தட்டினேன்.

"அண்ணி, இது ஏன் இப்படிக் கேக்குது?"

"அதா? அத ஒங்கண்ணனே ஒட்டுனாரு. கொத்தனார விடல. நாலு மூலையிலயும் பொட்டு வச்ச மாதிரி சிமெண்டு. அதுக்குப் பின்னாடி ஜாயிண்டு இருக்குதாம். நாளப்பின்ன கத்தி வச்சு நெம்புனா முழுசா வந்துரும், ஒடைக்க வேணாம்னாரு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான..."

அண்ணி அதோடு நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் விரித்து வைத்திருந்த கையைப் பார்த்தார். "அதத்தான் சொன்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூ மார்க்கெட் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அப்படி நானாக யாருக்கும் போன் செய்தது அதுதான் முதல் தடவை. டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் தட்டிக்கொண்டு போவது எனக்குக் கேட்டது. ஒரு இடத்தில் சத்தம் மாறியது.

"இதா? இது ஒழுங்கா ஒட்டாத டைல்ஸ்னுல நெனச்சேன்! அன்னைக்கே ஒங்கண்ணன வஞ்சேன், ஒரு டைல்ஸு ஒட்டத் தெரியலையான்னு. சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னாரு. நான் எங்க காதுல வாங்குனேன்."

மறுநாள் சாயங்காலம் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். டைல்ஸ் முழுசாக வந்துவிட்டது, ஜாயிண்டு அங்கேதான் இருந்தது, அரை மணி நேர வேலைதான் என்றார்கள். "கசிவு நின்னுருச்சுத்தா. அண்ணன்கிட்டச் சொல்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஹீட்டர் பக்கம் என்று சொன்னது அண்ணன் இல்லை, நான்தான் என்பதை அந்த அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும். மன்னித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு வேளையும் வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், நான் வேலைக்குப் போகும் மில்லில் என் ஷிப்டை மாற்றி எடுத்துக்கொண்ட தோழிகளுக்கும், வத்தலக்குண்டிலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்த சித்தப்பாவுக்கும், காரியங்களில் துணை நின்ற எல்லோருக்கும் அண்ணி சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

அண்ணன் வேலை பார்த்த வீட்டில் இருப்பவர்கள், பாத்ரூம் சுவரை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஒரு டைல்ஸ் மட்டும் வேறு மாதிரி கேட்கும். சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து அதன் பின்னால் சிமெண்டை அடைத்துவிட வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறார்.