சப்பாத்து முனையால் பார்த்த மெக்கானிக்

ஆயுத பூசைக்குப் பிறகு எங்கள் லிங்கி தோட்டத்து வீட்டு ஐஸ்பெட்டி சரியாகக் குளிரவில்லை. மறுநாள் அம்மனுக்குப் பாலபிஷேகம். நேர்ந்துகொண்ட பால் முழுக்க உள்ளே இருந்தது. கெட்டுப்போனால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

வந்த மெக்கானிக்கின் வெள்ளைச் சட்டையில் அழுக்கே இல்லை. எதையும் கையால் தொடாத பழக்கம் போலும். பூசைச் சந்தனம் இன்னும் அழியாத கதவைச் சப்பாத்து முனையால் தட்டினார்.

“பழசுக்கா, புவாங் பண்ணிடுங்கலா, தூக்கிப் போட்டுடுங்க. எங்க கடையில புதுசு இருக்கு.”

“பூசை வச்ச பெட்டியக் காலால தொடுறீங்களே, தம்பி?”

“இது என்ன சாமியா? பெட்டிதானேக்கா!”

அனுப்பிவிட்டேன். கதவைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பெட்டிக்கு நான் கட்டிய மாவிலைத் தோரணத்தின் நூல் கதவு ரப்பரில் சிக்கி, கதவு சரியாக மூடாமல் இருந்தது. உருவி எடுத்தேன். சாயங்காலம் பால் சில்லென்று இருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஆனால், குனிந்துகூடப் பார்க்காத மனிதர் எதற்காக அந்தத் தொழிலுக்கு வந்தார் என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம்.