சோளக்காட்டில் இறங்காதவர்

கொல்லிமலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த தாடிக்காரர், பளபளக்கும் உலோக நாடா ஒன்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்தார்.

"என்னங்க அது?"

"அலுமினியக் கலவைங்க. உருக்கிச் சட்டுனு குளிர வெச்சா அணுவெல்லாம் வரிசையா நிக்க நேரமிருக்காது, கண்ணாடி மாதிரி ஆயிரும். இப்படி வளையும். மறுபடி சூடேத்துனா படிகமாகி, ஒடிஞ்சிரும். அது எந்தச் சூட்டுல மாறுதுன்னு பார்க்கறதுதான் நான் செய்யற ஆராய்ச்சி."

"ஊர்ல விசேஷங்களா?"

"அப்பா தவறிட்டாருங்க. சீரியஸ்னு முன்னாலயே போன் வந்துச்சு. உலையில சாம்பிள் இருந்துச்சு, முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

அவருடைய ஊரான சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் நின்றது. பறைச் சத்தம் கேட்டது. வயதானவர் ஒருவர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"உங்கப்பன எடுக்கப் போறாங்க சாமி, ஓடியா!"

தாடிக்காரர் எழவில்லை. "அங்க போனா நான் ஒடிஞ்சிருவேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கண்டக்டரிடம், "கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் குடுங்க" என்றார்.

எனக்கு அங்கேதான் வேலை; நான் இறங்கிவிட்டேன். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.