லேமினேட் செய்த கல்யாணம்

அந்தத் தையற்காரி எதற்கும் சட்டென்று கலங்குகிறவள் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ்களுக்கு முத்திரை போடும் அலுவலகத்தில், அவளுடைய திருமணச் சான்றிதழ் ஜன்னல் வழியே திரும்பி வந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"லேமினேட் பண்ணி வெச்சிருக்கீங்களேம்மா! இதுமேல சீல் எப்படி விழும்? வேற ஒரிஜினல் வாங்கிட்டு வாங்க."

எல்லாம் அவள் புருஷன் செய்த திருப்பணி. மனுஷனுக்குக் காகிதம் கசங்கினால் ஆகாது. கையில் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக்கில் போட்டு மூடிவிடுவான், கேஸ் ரசீது உட்பட. இப்போது வெளிநாட்டில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இவள்தான் மனைவி என்று முத்திரையோடு காட்டினால்தான் விசா.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று, கல்யாணத்தைப் பதிந்த அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"புது நகல் வேணும்னா ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரு எந்திரிச்சு வர முடியும்னா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?"

"ரூல்ஸ் அப்படிம்மா. நாளைக்கு வாங்க பாப்போம்."

வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவர் கொடாக்கண்டன் என்றால் இவள் விடாக்கண்டி. பையிலிருந்து பள்ளிச் சீருடைகளை எடுத்து, எழுத்தருக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் தைக்க ஆரம்பித்தாள். எழுத்தர் இடத்தை மாற்றிக்கொண்டார். அவளும் பெஞ்சை மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் பதிவாளரே அறையை விட்டு வெளியே வந்தார். "என்னம்மா, ஆபீஸ்ல கடை போட்டுட்டீங்க?"

அவள் போனில் புருஷனுக்கு வீடியோ கால் போட்டு நீட்டினாள். கட்டிலில் கட்டும் பட்டையுமாகக் கிடந்தவன், அதிகாரியைப் பார்த்ததும் படுத்தபடியே கும்பிட்டான். பதிவாளர் பதிவேட்டில் இருந்த மாப்பிள்ளைப் படத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தம்மா கையெழுத்து மட்டும் போதும். நகல் கொடுத்துடுங்க," என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புதுச் சான்றிதழில் முத்திரை விழுந்ததும் தெருவிலேயே நின்று புருஷனை அழைத்தாள்.

"வாங்கிட்டேங்க. வந்துடுவேன்."

அந்தப் பக்கம் அவன் அழுகிறான் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாத்து, கசங்கிடப் போகுது. ஒரு லேமினேஷன் போட்டு..." என்று இழுத்தான்.

"வந்து முதல்ல உங்க வாய லேமினேட் பண்றேன்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.