அந்தப் பத்தியை நான் சேர்க்கவில்லை

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் ஊரில், பேருந்தில் என் பக்கத்து இருக்கைதான் கடைசியாக நிரம்பும். ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் இருவர் உட்காரும் சீட்டில் "செத்த தள்ளிக்கம்மா" என்று மூன்றாவதாக ஒருத்தி இடித்து உட்கார்வாள். அப்படி வளர்ந்த எனக்கு அந்தக் காலி இருக்கையின் அர்த்தம் புரியவே வெகுநாள் ஆயிற்று.

மருத்துவமனையில் ஒரு முதியவரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனேன். என்னைப் பார்த்ததும், "ப்ராப்பர் நர்ஸ் எங்கே?" என்றார். கை சுத்தமான நர்ஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நன்றாகக் கழுவிய கைகளை விரித்துக் காட்டினேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். "உன் கை வேண்டாம்." மேற்பார்வை நர்ஸ் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை அனுப்பிவிட்டு, "வயதானவர், மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று எனக்குத்தான் புத்தி சொன்னார்.

வைத்துக்கொண்டேன். அதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதி அங்குள்ள ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியை பாராட்டிவிட்டு, அன்பான நோயாளிகளைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். வாசகர்கள் மனம் புண்படுமாம். புண்பட்டது என் மனம். 'எல்லோரும் அப்படியல்ல' என்று அவர்களுக்குத் தைலம் தடவுவதற்காக நான் எழுத உட்காரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உங்களுக்காகத் தமிழில் முதலிலிருந்து எழுதினேன்.

விடுப்பில் வந்தபோது அதை ராஜபாளையத்தில் ரஹ்மத் வீட்டில் வாசித்தேன். என்னோடு நர்சிங் படித்தவள். அடுத்த மாதம் அவளும் இங்கிலாந்துக்கு வேலைக்கு வருகிறாள். ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தங்கச்சி, இதப் பத்திரிகைல போட்டுறாதீக. எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா இவளப் போக விடமாட்டாக. நம்ம அவமானத்த நாமளே ஊருக்குச் சொல்லணுமா?"

"அவமானம் அந்தாளுக்குண்ணே. எனக்கில்ல."

"போறது நானா, உங்கம்மாவா?" என்றாள் ரஹ்மத். "எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் என்னிடம், "போடுங்க. அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

ரஹ்மத் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அன்னைக்கு நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நான் சொல்லிப் பாக்கேன். நீ அந்தாளா இரு."

கட்டிலில் படுத்து, காலை இழுத்துக்கொண்டு, அந்த முதியவரின் ஆங்கிலத்தில் அவர் சொன்னதையே சொன்னேன். அந்த இழுவை அவ்வளவு சுலபமாக என் நாக்கில் வந்தது எனக்கே திடுக்கென்றது. ரஹ்மத் அசையவில்லை. "டுடே, ஐ ஆம் யுவர் நர்ஸ்" என்றாள், அழுத்தமான ராஜபாளையத்து ஆங்கிலத்தில். "ம், கால நீட்டுங்க."

அந்த முதியவரின் குரல் இன்னும் என் வாயிலிருக்க, நான் காலை நீட்டினேன்.