குறட்டை விட்ட மெத்தை

புற்றுநோய் வந்தவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் எங்கள் சின்னக் குழுவில் ஆறுதல் சொல்லும் வேலையை எனக்குக் கொடுப்பதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாய் அதற்கும் முன்னால் நிற்கும். ஆகவே, ஒருவர் இறந்து கருமாதியும் முடிந்தபின், நாங்கள் இரவல் கொடுத்த கட்டில், சக்கர நாற்காலி, ஏர் பெட் இவற்றைத் திரும்ப வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஒருத்தி வருவாளே, அது நான்தான்.

துறைமுகம் போகிற சாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி இறந்தபோதும் அப்படித்தான் போனேன். மாப்பிள்ளையூரணியில் ஒருவருக்குப் படுத்த படுக்கையில் முதுகு புண்ணாகத் தொடங்கியிருந்தது. எங்களிடம் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே ஏர் பெட், புண் வராமலிருக்க மோட்டார் வைத்துக் காற்றடிக்கும் மெத்தை, அண்ணாச்சி வீட்டில் கிடந்தது.

அண்ணாச்சியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டு நிறைய மக்ரூன் வந்தது, காப்பி வந்தது, மெத்தை மட்டும் வரவில்லை. "தொடச்சு வச்சிட்டு நானே சொல்லி விடுதேன்" என்றார். அடுத்த தடவை போனால் சுடச்சுட மீன் குழம்பு. தின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

மூன்றாம் முறை, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் போய் நின்றேன். அறைக்குள்ளிருந்து கொர்ர், கொர்ர் என்று சத்தம். கட்டிலில் யாருமில்லை. மோட்டார் பாட்டுக்கு ஓட, மெத்தையின் மேடுகள் உப்பி உப்பி வடிந்துகொண்டிருந்தன. அக்கா பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "ஆளில்லாத மெத்தைக்கு என்னத்துக்குக்கா காத்து? அங்கன ஒரு மனுசன் முதுகெல்லாம் புண்ணாகிக் கெடக்காரு!"

அக்கா எழுந்து உட்கார்ந்தார். "அவிய குறட்டைய நீ கேட்டதில்லளா. விட்டாவன்னா தெருநாயி எந்திரிச்சு குரைக்கும். அதுக்கு எத்தன சண்ட போட்டிருக்கேன்! சீக்கு வந்து மூச்சு ஒடுங்கவும் குறட்டையும் நின்னு போச்சு. அப்பதான் நீங்க இதக் கொண்டாந்தீய. அச்சு அசல் அதே சத்தம். இத அமத்தினா எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது."

பாவமாக இருந்தது, கத்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"ரொம்பப் புண்ணா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாக்கா. பொரண்டு படுக்க முடியல."

அக்கா எழுந்து மோட்டாரை அணைத்தார். "எடு. ஆனா நானும் வாரேன். இந்த மோட்டாருக்கு எடது பக்கம் ஒரு தட்டு தட்டினாத்தான் ஓடும். உங்க யாருக்கும் தட்டத் தெரியாது."

மாப்பிள்ளையூரணி வீட்டில் அக்காவே மெத்தையை விரித்தார். நோயாளியின் மனைவிக்குத் தட்ட வேண்டிய இடத்தைக் காட்டினார். "கோவத்துல தட்டாதளா, செல்லமாத் தட்டு." எல்லோரும் சேர்ந்து அந்த மனிதரைத் தூக்கிப் படுக்க வைத்ததும் மோட்டார் கொர்ர் என்றது.

"என்ன எளவு சத்தம் இது? இதுல மனுசன் ஒறங்குவானா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். "எனக்கு இந்தச் சத்தம் இருந்தாத்தான் ஒறக்கமே" என்றபடி அக்கா சுவரோரமாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மெத்தையை எப்படித் துடைக்க வேண்டும் என்று நான் வீட்டுக்காரிக்கு என் வழக்கமான குரலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"காது கிழியுது. செத்த நேரம் அமத்துளா" என்றார் நோயாளி. அவர் மனைவி சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"வேண்டாம், வேண்டாம்" என்று நோயாளியே பதறித் தடுத்தார். அவர் பார்வை சுவர்ப் பக்கம் போயிருந்தது. அங்கே அக்காவின் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஓடட்டும். அந்தம்மா ஒறங்குதாவ" என்றவர், என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

சொன்ன உடனே நான் வாயை மூடியது, என் நினைவில், அந்த ஒரு தடவைதான்.