முகூர்த்தம் முடியும்வரை

கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் முந்தைய நாள் மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். காபி, மோர், ரசம் எதுவும் கிடையாது. நாக்கு ஒட்டிக்கொண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவேன். பல வருஷங்கள் இப்படித்தான் கல்யாணங்களுக்குப் போய்வந்தேன்.

சிதம்பரத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். முகூர்த்த மாதங்களில் அளவு கொடுக்க வருகிற பெண்களெல்லாம் கையோடு பத்திரிகையும் கொண்டுவருவார்கள். "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும்" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் பெண்ணிடம் வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் நிற்காமல் போய்விட்டன. வீட்டுக்குள் கைகளை ஊன்றி நகர்ந்துகொள்வேன். தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறேன். காலால் மிதிக்கிற கட்டையை மேஜைமேல் வைத்து முழங்கையால் அழுத்துவேன். வெளியே போக, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டி. அதன் பின்னால் மடித்துக் கட்டிய சக்கர நாற்காலி. நான் போகாத தெரு இந்த ஊரில் இல்லை. கல்யாண மண்டபத்திடம் மட்டும்தான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

படிகள் பெரிய விஷயமில்லை. மாமா, மச்சான் என்று யாராவது ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். பாத்ரூம்தான் சிக்கல். மண்டபத்துக்குப் பின்னால், சமையல்கட்டைத் தாண்டி, படி இறங்கிப் போனால் வரிசையாகக் கதவுகள் இருக்கும். எதிலும் நாற்காலி நுழையாது. தரை முழுக்கத் தண்ணீரும் செருப்புச் சேறும். அதில் பட்டுப்புடவையோடு கையை ஊன்றி நகர வேண்டும். ஒருமுறை அப்படிப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த பிறகும், இலையின் முன்னால் உட்கார்ந்தபோது என் கையை வாய்க்குக் கொண்டுபோக எனக்கே மனம் வரவில்லை. அன்றிலிருந்துதான் தண்ணீரை நிறுத்தும் பழக்கம். நீர்க்கடுப்பு வந்து வந்து போகும். டாக்டரம்மா திட்டுவார். அவரிடம்கூட நான் காரணம் சொன்னதில்லை.

இந்தப் பழக்கத்துக்கும் பலன் இல்லாமல் போனது என் தங்கை கல்யாணத்தில். கூடப் பிறந்தவள் கல்யாணம் என்பதால் முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. எவ்வளவு அடக்கினாலும் உடம்பு ஒரு ராத்திரி முழுக்கத் தாங்குமா? விடிந்ததும் தங்கைக்குப் புடவை மடிப்பு வைத்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டிவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை. அப்போது என்னிடம் இருந்தது கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிள். யாரிடமும் சொல்லாமல் அதில் ஏறி வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது ரோட்டிலேயே கெட்டிமேளம் காதில் விழுந்தது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். இனி வேகமாகச் சுற்றி என்ன ஆகப்போகிறது?

உள்ளே போனதும் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னது கேட்டது. "தங்கச்சி கழுத்துல தாலி ஏர்றதப் பாக்க அவளுக்கு மனசு வரல. பாவம், கல்யாணம் ஆவாதவதானே."

நான் மறுக்கவில்லை. பாத்ரூம் போகத்தான் போனேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்வதைவிட, பொறாமைக்காரி என்ற பேர் அப்போது எனக்குச் சுலபமாகப் பட்டது.

தங்கை குமராட்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். அடிக்கடி வருவாள், நன்றாகத்தான் பேசுவாள். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுத்ததில்லை. அவள் மகளும் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கடலூர் மாப்பிள்ளை ஒருவருக்கு நிச்சயமானாள். மண்டபம் பேச வேண்டும் என்று மினி பஸ் பிடித்து வந்த தங்கை, கட்டிங் மேஜையில் கிடந்த துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். ஏதோ கேட்க வருகிறாள் என்று புரிந்தது.

"அக்கா, முகூர்த்தத்துக்கு இருப்பதானே?"

என் முழங்கை கட்டையிலிருந்து தானாக எழுந்துவிட்டது. மெஷின் நின்றது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷமும் இவள் அத்தை சொன்னதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். தண்ணீர் குடிக்காமல் இருந்தது, சைக்கிளில் போனது, ரோட்டில் கெட்டிமேளம் கேட்டது, எல்லாவற்றையும்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாக்கா இது. எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"அத்தன பேரு நடுவுல எப்புடிடி சொல்றது?"

"நான் உம்மேல கோவமா இருந்தன்க்கா. மொதல் வருஷம் பூரா இருந்தேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. ரெண்டுமே தப்பு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கெளம்பு. மண்டபம் பாக்க நீயும் வா."

புவனகிரி ரோட்டில் ஒரு மண்டபம். பெரிய ஹால், ஏசி, கார் நிறுத்த இடம் எல்லாம் இருந்தது. முதலாளி எங்களுக்கு மேடையைக் காட்டினார், சாப்பாட்டு ஹாலைக் காட்டினார். நான் பாத்ரூமைக் கேட்டேன். பின்பக்கம் கையைக் காட்டினார். அதே படிகள், அதே குறுகலான கதவுகள்.

"நான் போற மாதிரி ஒண்ணு வேணுங்க" என்றேன்.

"மண்டபம் கட்டினதுலேர்ந்து யாரும் இதக் கேட்டதே இல்லம்மா."

"கேக்கணும்னா மொதல்ல அவுங்க உள்ள வரணும் இல்லீங்களா?"

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், கேலியாகச் சிரிக்கவில்லை. "நம்ம பசங்க இருக்கானுங்கம்மா. நாலு பேரு சேந்து தூக்கிடுவானுங்க."

என் தங்கை வெளியிடத்தில் ஆண்களோடு அதிகம் பேசாதவள். புருஷன் பின்னால் நின்று தலையாட்டித்தான் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் ஒரு அடி முன்னால் வந்து கேட்டாள். "பாத்ரூமுக்கும் அந்த நாலு பேருதான் தூக்கிட்டுப் போவாங்களாங்க?"

முதலாளி கையிலிருந்த செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வாங்க" என்று மணப்பெண் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறையைத் திறந்தார். உடைந்த நாற்காலிகளும் பழைய ஜமக்காளங்களும் அடைந்து கிடந்தன. "இந்த எடம் போதுமா பாருங்க."

கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அந்த அறையைப் பாத்ரூமாக மாற்றி, வேலை முடிந்ததென்று முதலாளி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தோம். அகலமான கதவு, வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடிக் கம்பி, ஹாலிலிருந்து ஏறிவரச் சின்ன சாய்தளம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாற்காலியோடு உள்ளே போனேன். கதவைச் சாத்த முடியவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு. நாற்காலி உள்ளே இருந்தால் கதவுக்கு இடமில்லை. கம்பியும் எட்டவில்லை.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா, கதவ வேணும்னா லேசா ஒருக்களிச்சு வெச்சுக்குங்க" என்றார் முதலாளி.

நான் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிக்கொண்டு, என் சக்கர நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே ஒருதரம் போய்ப் பாருங்களேன்."

விளையாட்டாகத்தான் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளி உள்ளே போனார். முழங்கால் வாஷ்பேசினில் இடித்தது. திரும்பப் பார்த்தார், முடியவில்லை. பின்னால் வரப் பார்த்தார், சக்கரம் கதவில் மாட்டிக்கொண்டது. சாய்தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் வேர்த்துப்போய் வெளியே வந்தார்.

"இத எப்புடிம்மா தெனம் ஓட்டுறீங்க?"

"வழி இருந்தா நல்லா ஓடுங்க."

அங்கேயே நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டார். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாறியது. வாஷ்பேசின் மூலைக்குப் போனது. கம்பி எந்த உயரத்தில் வேண்டுமென்று என்னை உட்காரவைத்து, என் கை எட்டிய இடத்தில் சுவரில் கோடு போட்டுக்கொண்டார்கள். வழுவழுப்பான டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பானதைப் போட்டார்கள். சுவரில் என் கைக்கு அளவாகப் போட்ட அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குத்தான் நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் இரண்டு டம்ளர் மோர் குடித்தேன். சாயங்கால வரவேற்பில் பழரசம் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டேன். தங்கை பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

காலையில் அந்தப் பாத்ரூமுக்கு வெளியே ஒரு வரிசையே நின்றது. நிறைமாதப் பெண் ஒருத்தி, கையில் குழந்தையோடு ஒரு அப்பா, கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த, ஒரு காலுக்குச் செயற்கைக் கால் வைத்த பெரியவர். நான் கேட்டு வாங்கிய பாத்ரூமுக்கு நானே என் முறை வரும்வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கதவு திறந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது எங்கள் அத்தை. இரண்டு முட்டியும் போய்விட்டது அவருக்கு. "நல்ல வசதியாக் கட்டியிருக்கான்டி. இது இல்லன்னா நான் வீட்டுக்கே போயிருப்பேன்."

தங்கை பக்கத்தில்தான் நின்றாள். "அத்த, என் கல்யாணத்தன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போனது இதுக்குதான்."

அத்தை என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி, வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா" என்று என் கன்னத்தில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகக் குறைந்தது.

தாலி கட்டும்போது நான் மேடையில், மணமகளுக்குப் பின்னால் இருந்தேன். மேடைக்கும் சாய்தளம் போட்டிருந்தார் முதலாளி. அதை நாங்கள் கேட்கவேயில்லை. கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை மட்டும் மகளைப் பார்க்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள். "இருக்கேன்டி" என்றேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. தலையாட்டினாள்.

பந்தி முடிந்து கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் தெருவைச் சேர்ந்த ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கடலூர்க்காரர், கிறிஸ்தவர். கணவர் பஸ் டிரைவராக இருந்தவராம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான்.

"அவுங்க ஒரு விசேஷத்துக்கும் வர்றதில்லங்க. கூப்ட்டா எரிஞ்சு விழுறாங்க. இதான் காரணம்னு எனக்கு இன்னிக்குதான் புரியுது. எங்க கோயில் மண்டபத்த வந்து ஒருதரம் பாக்குறீங்களா? ஃபாதர்கிட்ட நான் பேசுறேன்."

கடலூருக்கு என் ஸ்கூட்டியிலேயே போனேன். தங்கை பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவு தூரம் நான் வண்டி ஓட்டியதில்லை; ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் என் தோளை விடவில்லை. மண்டபத்தில் ஃபாதரும் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்குமக்கள் சிலரும் காத்திருந்தார்கள். நான் அந்த அம்மாவின் கணவரையும் அழைத்துவரச் சொன்னேன். எனக்கு இரண்டு கையும் பலம். அவருக்கு ஒரு கைதான். எனக்கு எட்டுகிற கம்பி அவருக்கு ஆகாது. அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தார். "எந்தப் பக்கம் கம்பி வேணும்?" என்று நேராக அவரையே கேட்டேன். குழறலாக, ஆனால் அழுத்தமாக, "எடது" என்றார். பிறகு அவராகவே வாசற்படியைக் காட்டி அதையும் இடிக்கச் சொன்னார். ஃபாதர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மாறுதல்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்த மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாண விருந்துக்கு என்னையும் தங்கையையும் கூப்பிட்டிருந்தார்கள். டிரைவர் ஐயா சலவைச் சட்டை போட்டு, மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தார். பழைய சிநேகிதர்கள் சுற்றிலும் நின்று, எந்த ரூட்டில் யார் ஓட்டினார்கள் என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருமுறை அவராகவே ஒரு கையாலும் ஒரு காலாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா எழப் பார்த்தார், நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் ஐயா முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

பிரியாணி வைத்தார்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது. "கேட்டீங்களாங்க, வந்ததும் வராததுமா கொற சொல்றத!" என்றார் என்னிடம். அவரோ பரிமாறுகிறவரைக் கை தட்டிக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.